பத்தரை மணிக்கு வந்த அழைப்பு

தம்பி,

முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. அதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நீ யோசிப்பாய். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ இறத்தோட்டைக்கு மேலே, பள்ளிக்கூடத்திலிருந்து சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் நடந்துவந்து, தூறலில் நின்றுகொண்டு "ம், சொல்லுங்கம்மா" என்பாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்பேன். "சாப்பிட்டேன்" என்பாய். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு நகராது. மூன்று வாரமாக அப்படித்தான் நடக்கிறது.

முதல் சம்பளம் எடுத்து நீ வீட்டுக்கு வந்த அன்று எனக்கு ஒரு போன் வாங்கிவந்தாய். சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு பொத்தானாகக் காட்டினாய். "இந்தப் பச்சைய அமத்தினா பேசலாம்மா. இந்தச் செவப்ப அமத்தினா கட்டாகிரும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் பாக்கத் தேவல்ல." நான் போனைத் தள்ளிவைத்துவிட்டு, எனக்கு இதெல்லாம் வேண்டாம், நீயே கொண்டுபோ என்றேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். மறுநாள் விடியக்காலையில் முதல் பஸ்ஸுக்கு நீ பையைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. போனை மேசையிலேயே விட்டுப் போயிருந்தாய். நீ ஆசையாகக் கொடுத்ததை நான் மதிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். பிள்ளைகளின் போனைப் பறித்த பழைய டீச்சர் திமிர் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை என்றும் நினைத்திருப்பாய். இரண்டும் இல்லை. நீ பச்சையைக் காட்டிய அந்த நிமிஷத்தில் எனக்குத் தர்ஷினியின் போன் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பெயரை இந்த வீட்டில் நாம் மூன்று வருடமாகச் சொன்னதில்லை. நீ சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நீதான் காட்டிக்கொடுத்தாய் என்று உள்ளுக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருக்கிறாய். நான் சொல்லாததற்குக் காரணம் அவ்வளவு நல்லது அல்ல. சொன்னால் நீ கேள்வி கேட்பாய், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதற்குச் சோம்பல். இப்போது நீயும் ஆசிரியர். ஐந்து கணினி இருக்கிற அறையின் சாவியை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகளின் ஒழுக்கத்தையும் உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்த அன்று சொன்னாய். எனக்கும் அதே இரண்டு வேலையைத்தான் சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும், மீதிப் பாதி எனக்கே இந்த மாதம்தான் தெரியவந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணினிகள் வந்த காலம் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். வடக்கில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த வருடங்கள் அவை. பன்னிரண்டு கணினிகள் வந்தன. பழைய விஞ்ஞானக்கூடத்துக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கம்பி போட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று ஒழுங்கு வைத்தோம். நான் கணக்கு டீச்சர் என்பதால் என்னைப் பொறுப்பாகப் போட்டு, மாத்தளையில் இரண்டு வாரப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். அந்த இரண்டு கிழமையில் ஒரு கிழமை போனது கணினியை எப்படித் துடைப்பது, எப்படி மூடுவது என்பதற்கு. மனையியல் பிள்ளைகளைக் கொண்டு பொலித்தீனில் உறை தைத்தோம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், வேலை செய்கிற கணினி நான்கோ ஐந்தோ. முன்னால் இருக்கிறவன் தொடுவான், பின்னால் நிற்கிறவர்கள் அவன் தலைக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் பிரிஸ்டல் போர்டில் கீபோர்டை வரைந்து அதன்மேல் விரல் வைத்துப் பழகினார்கள். நீயும் அப்படித்தான் பழகினாய். அதை நான் ஏதோ பெரிய யோசனை என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கையில் வேறு எழுதினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் வரப்போகிறதற்கு அது தேவை. மின்சாரம் போனால் கணினிகள் சட்டென்று அணையாமல் இருக்க ஒரு பெட்டி வைத்திருந்தோம். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். யாரோ ஒரு பையன் விளையாட்டாக அதை அமத்தப்போய், அதிபர் நாள்முழுக்க அடித்து வைத்திருந்த தவணைப் பரீட்சைத் தாள் முழுதும் அழிந்துபோனது. அதிபர் பையனை விட்டுவிட்டு என்னைத்தான் பிடித்தார். ஆசிரியர் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால். அன்றே நான் 'சிவப்பைத் தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு அந்த அறையில் பிள்ளைகளைவிட எனக்குத்தான் சிவப்பென்றால் பயம்.

சண்டை மறுபடி தொடங்கிய வருடம் நீ ஏ.எல். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். தர்ஷினியும் உன்னோடு கலைப்பிரிவு. டவுனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவள் அம்மா பாக்கியம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் இருந்தார், பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருவார். பிள்ளை அத்தையோடு தோட்டத்து லயன் வீட்டில், லயத்தில் இருந்து படித்தாள். படிக்கக்கூடிய பிள்ளை. அந்தத் தோட்டத்திலிருந்து கம்பஸுக்கு ஒரு பிள்ளை போனால் அது இவளாகத்தான் இருக்கும் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சொல்வோம்.

அந்த வருடத்துப் பயம் எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாத்தளைக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கி ஏற்றினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்தபடியாகப் போனைத்தான் வாங்கிப் பார்த்தார்கள். போனில் ஏதோ இயக்கப் பாட்டு இருந்ததென்று நமக்குத் தெரிந்த வீட்டுப் பையன் ஒருவனை இரண்டு நாள் உள்ளே வைத்திருந்துதான் விட்டார்கள். அதிபர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு புள்ள பையில போன் சிக்கினா பள்ளிக்கூடத்தையே கொடைஞ்சு எடுத்துருவாங்க. எனக்குப் பதில் சொல்ல ஏலாது. போனைக் கண்டா வாங்கி வைங்க. தாய் தகப்பன் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் திருப்பிக் குடுக்கணும்." நான் அதைத் தாளில் எழுதி ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டினேன். பயம் உண்மையானது, அதில் பொய் இல்லை. ஆனால் தாள் எழுதி ஒட்டுவதில் எனக்கு ஒரு ருசி இருந்ததும் உண்மை.

அந்தச் சமயத்தில்தான் நீ போன் கேட்டாய். சாயந்தரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல முடியாது என்றேன். "எல்லார்கிட்டயும் இருக்கும்மா" என்றாய். "யார்கிட்ட இருக்கு? ஒரு பேரு சொல்லு பாப்பம்" என்றேன். வீட்டில் பேசும்போதுகூட விசாரணை வைக்கிற புத்தி எனக்கு. நீ வாய் தவறிச் சொல்லிவிட்டாய். "தர்ஷினிகிட்டகூட இருக்கு. எடவேளைக்குத் தண்ணிப் பைப்படியில நின்னு பேசுது." சொன்ன கையோடு உன் முகம் மாறியது. "அது அவங்கம்மாகூடத்தாம்மா பேசுது. அத விட்டுருங்க" என்றாய். நான் சரி என்று தலையாட்டினேன். நீ நம்பிக்கொண்டு படிக்கப் போனாய்.

மறுநாள் காலையில் முதல் பாடத்திலேயே அவள் பையைத் திறக்கச் சொன்னேன். புத்தகங்களுக்கு அடியில், சாப்பாட்டுப் பெட்டியை மூடிய துணிக்குள் சுற்றி வைத்திருந்தாள். அழவில்லை. எழுந்து நின்று மெதுவாகச் சொன்னாள். "டீச்சர், பத்தரைக்கு அம்மா குவைத்துல இருந்து அழைப்பு எடுப்பாங்க. அங்க அப்ப காலையில எட்டு மணி, அந்த வீட்டு மேடம் புள்ளைங்கள பள்ளிக்கூடத்துல விடப் போற நேரம் அதுதான். லயத்துல சிக்னல் இல்ல டீச்சர். இங்க பைப்படியிலதான் கெடைக்குது." நீங்களே எடுத்துப் பேசிக்கொள்ளலாமே என்று நான் ஏதோ சொன்னதற்கு, "கார்டு போட்டு எடுக்கிறாங்க, நம்பர் விழாது டீச்சர், நாங்க திருப்பி எடுக்க ஏலாது" என்றாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் விளங்கியது. விளங்கிய பிறகும் சொன்னேன், "அப்பாவ வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு." தம்பி, அப்போது நீ மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாய். நான் உன் பக்கம் திரும்பவே இல்லை.

பறித்த சாமான் எல்லாம் கணினி அறை அலுமாரிக்குள் போகும், அதற்குத்தான் இரண்டு பூட்டு. அன்று பத்தரைக்கு அலுமாரிக்குள் போன் அடித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைப் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்தேன். அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு அடித்து ஓய்ந்தது. எடுத்து, 'நான் டீச்சர் பேசுறேன், போன் எங்கிட்ட இருக்கு, புள்ள சுகமா இருக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் போகும்? ஆனால் அந்த வயதுவரைக்கும் நான் ஒரு கைப்போனைத் தொட்டதில்லை. பன்னிரண்டு கணினிக்குப் பொறுப்பான டீச்சருக்கு ஒரு போனை எடுக்கத் தெரியாது என்று பிள்ளைகளுக்குத் தெரியவரக் கூடாது. அதுவும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கணினி அறையைப் பார்க்க வந்தார்கள். பொலித்தீன் உறைகளைக் கழற்றி, பிள்ளைகளுக்குத் தலை வாரி, பன்னிரண்டும் வேலை செய்வதுபோல உட்காரவைத்திருந்தோம். வந்தவர் பேசத் தொடங்கினார், அலுமாரிக்குள் போன் அடித்தது. அதிபர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். போனில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு. சிவப்பைத் தொட்டால் ஏதாவது அழிந்துபோகும் என்று பயந்து, பச்சையை அமத்தினேன். சத்தம் நின்றது. பிழைத்தேன் என்று போனை உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து கைகட்டி நின்றேன். வந்தவர் தொழில்நுட்பக் கல்வியைப் பற்றி ஐந்தாறு நிமிஷம் பேசினார். எல்லோரும் கைதட்டினோம். அவர் போன பிறகு சித்திரம் சொல்லிக்கொடுக்கும் சேரைக் கூப்பிட்டு அந்தப் போனை முற்றாக அணைத்துவைக்கச் சொன்னேன்.

தர்ஷினியின் அப்பா மூன்றாவது கிழமைதான் வந்தார். கொழும்பில் அந்தக் கிழமைகளில் சுற்றிவளைப்பு, வெளியே கால் வைக்கப் பயந்திருக்கிறார். வழியில் இறக்கி ஏற்றி, காலையில் வர வேண்டியவர் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். நான் புத்தகத்தை நீட்டினேன், கையெழுத்துப் போட்டார். பிள்ளையை ஒழுங்காக வளர்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பாடம் நடத்தித்தான் போனைக் கொடுத்தேன். "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றே திரும்பிப் போகவேண்டும் என்று அவசரமாக இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அந்தப் போனுக்கு அழைப்பு வரவில்லை. இது உனக்கும் தெரியும். தர்ஷினி இடைவேளையில் அதைப் பயமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பைப்படியில் நின்றாள், நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். என்னால் அப்போது முடிந்த தாராளம் அவ்வளவுதான். பிறகு லயத்தில் கதை கட்டினார்கள். பாக்கியத்துக்கு அங்கே வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது, பிள்ளையை மறந்துவிட்டாள் என்று. எங்கள் ஆசிரியர் அறையிலும் அதைச் சொன்னார்கள், நானும் உச்சுக்கொட்டினேன். ஏ.எல். பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது தர்ஷினி பள்ளிக்கூடத்தை விட்டுக் கட்டுநாயக்கப் பக்கம் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். நீ மாணவத் தலைவர் சின்னத்தைக் கழற்றி அதிபரின் மேசையில் வைத்துவிட்டு வந்தாய். ஏன் என்று நான் கேட்டதற்கு, படிப்புக்கு நேரம் போதவில்லை என்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் போன் கேட்கவே இல்லை. போன் மட்டும் இல்லை, எதையும் கேட்கவில்லை. என்னிடம் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வதையும் நிறுத்திக்கொண்டாய். எனக்கு அது நோகவில்லை என்று நினைக்காதே.

ஒவ்வொரு தவக்காலமும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நான் கோபக்காரி என்று சொல்லியிருக்கிறேன், பொறாமைப்பட்டதைச் சொல்லியிருக்கிறேன். இதை ஒருநாளும் சொன்னதில்லை. கடமையைச் செய்ததற்கு யார் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள்? பாக்கியம் அழைக்காமல் விட்டதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். மூன்று கிழமை போன் இல்லை, அவ்வளவுதானே, ஒரு தாய் மறுபடி எடுத்திருக்க மாட்டாளா என்று எனக்கு நானே கேட்டுச் சமாதானப்பட்டிருந்தேன். நீ பச்சையைக் காட்டி "இத அமத்தினா பேசலாம்மா" என்றபோதுதான் அந்தச் சமாதானம் போனது. அன்று நான் அழைப்பை நிறுத்தவில்லை தம்பி. எடுத்திருக்கிறேன். எடுத்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

பாக்கியம் இந்த வருடத் தொடக்கத்தில் திரும்பிவந்துவிட்டார் என்று கோயிலில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். நீ போன மறுவாரம் ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். அது சண்டை முடிந்துவிட்டதென்று டவுனெல்லாம் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்து ஓய்ந்த சமயம், கடைகளில் கொடிகளை இன்னும் கழற்றவில்லை. பாக்கியம் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு முகம் தெரியாது. பெயர் சொன்னதும் பதறிப்போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். "டீச்சரம்மா, எம்புள்ள ஒங்களப் பத்திச் சொல்லியிருக்கு, கணக்கு நல்லாச் சொல்லிக் குடுப்பாங்கன்னு." நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பை திறந்தது, அலுமாரி, அடித்தது, பச்சை.

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு அந்தப் பக்கம் போன எடுத்தாங்க டீச்சரம்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 'அம்மாடி தர்ஷி'ன்னேன். பதில் இல்ல. பெரியவங்க யாரோ பேசுறாங்க, பொறகு எல்லாரும் கைதட்டுறாங்க. எம்புள்ள மட்டும் பேசல. அம்மாடி, அம்மாடின்னு கார்டு முடியிற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். "அதுக்கு முந்தின கெழம அவ சொன்னா, நீ வந்துரும்மா, வராட்டி நான் ஒங்கூடப் பேச மாட்டேன்னு. சொன்னபடி செஞ்சிட்டான்னு நெனச்சேன். அடுத்த நாளு எடுத்தா போன அணைச்சிருக்கு. அதுக்கடுத்த நாளும் அணைச்சிருக்கு. வேணாம்னு சொல்ற புள்ளைய எத்தன தரம் கூப்பிடுறது? பொறகு என்னைய வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க. அங்க போன் பக்கமே போக விடல."

தான் அப்படிச் சொன்னதால்தான் அம்மா கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டார் என்று தர்ஷினியும் நினைத்திருக்கிறாள். இது எனக்கு அவளுடைய அத்தை சொல்லித் தெரியும். பாக்கியம் ஊருக்கு வந்த பிறகு ஒரேயொரு முறை லீவு போட்டு வந்தாளாம். வெளியாளைப் பார்க்க வந்ததுபோல வந்து, ஒரு சீலையும் பிஸ்கட் பெட்டியும் கொடுத்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாளாம். தாயும் மகளும் ஆளுக்கொரு குற்றத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று வருடம் இருந்திருக்கிறார்கள். நீயும் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தாய். மூன்றும் என்னுடையது. நான் ஒருத்திதான் கைவீசி நடந்துகொண்டிருந்தேன்.

பாக்கியம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இத நீங்க அவகிட்டச் சொல்லணும் டீச்சரம்மா. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார், அவ்வளவுதான். லயத்தில் இப்போதும் சிக்னல் இல்லை. அத்தையிடம் இருந்த நம்பரை வாங்கிக்கொண்டு, அவரையும் ஆட்டோவில் ஏற்றி நம் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நீ வாங்கிக் கொடுத்த போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நம்பரை அடித்தேன். எடுத்தாள். குரல் கொஞ்சம் தடித்துப்போயிருக்கிறது. "நான் டீச்சர் பேசுறேன்" என்றேன். "சொல்லுங்க டீச்சர்" என்றாள். வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரியேதான் சொன்னாள். நான் சொன்னேன். "ஒங்கம்மா ஒனக்கு அழைப்பு எடுத்தாங்க. மூணு நாளும் எடுத்தாங்க. மூணாவது நாள் அழைப்ப வாங்கி, பேசாம அலுமாரியில வச்சுப் பூட்டினது நான். அம்மா ஒன்னையக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. அதுக்குப் பொறகும் எடுத்தாங்க, போன அணைச்சு வச்சிருந்ததும் நான்தான்." அந்தப் பக்கம் மெஷின் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டது. போனைப் பாக்கியத்திடம் நீட்டினேன். அவர் வாங்குவதற்குள் தர்ஷினி, "மணி அடிச்சிருச்சு டீச்சர், போகணும். பகல் சாப்பாட்டு நேரத்துலதான் எங்களுக்குப் போன் குடுப்பாங்க. எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். எப்போது எடுப்பாள் என்று சொல்லவில்லை. யாரிடம் பேச எடுப்பாள் என்றும் சொல்லவில்லை.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் தாய் என்று ஒரு சலுகை இருக்கிறது, அதில் சொல்கிறேன். உன் பள்ளிக்கூடத்திலும் போன் பிடிபடும். கூடாத படம் பார்க்கிறவனும் இருப்பான், விளையாடிக்கொண்டே பாடத்தைக் கோட்டைவிடுகிறவனும் இருப்பான், அவர்களிடமிருந்து வாங்கத்தான் வேண்டும். வாங்கு. ஆனால் வாங்கினால் அன்று சாயந்தரத்துக்குள் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நீ நில். தாயையும் தகப்பனையும் வரச்சொல்லி எழுதி ஒட்டாதே. அந்த மலையில் பாதிப் பிள்ளைகளுக்குத் தாய் ஒரு நாட்டில், தகப்பன் ஒரு ஊரில். வரச்சொன்னால் யார் வருவார்கள்? கணினி அறையையும் திறந்துவிடு. உடைந்தால் உடையட்டும். நாங்கள் பொத்திப் பொத்தி வைத்த பன்னிரண்டில் ஒன்றுகூட இன்றைக்கு வேலை செய்வதில்லை. ஒரு சாமானைத் தெரியாமல் பிள்ளைகளுக்கு நீதிபதியாக உட்காராதே. தெரியாவிட்டால் பிள்ளைகளிடமே கேள். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுச் சொல்லித் தருவார்கள்.

பேரைச் சொன்னது நீ என்று இனி ஒருபோதும் நினைக்காதே. நீ ஒரு போன் கேட்டாய், உன் வயதுப் பிள்ளை கேட்பதுதான். விட்டுருங்க என்றும் சொன்னாய். தலையாட்டிவிட்டு மறுநாள் போய்ப் பையைத் திறந்தது நான். உனக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்துத்தான் அன்று மீறினேன். என்னை மன்னித்துவிடு என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

இன்றோடு பதினொரு நாள். பாக்கியம் தினமும் பகல் மலையிலிருந்து இறங்கி நம் வீட்டுக்கு வருகிறார். நான் சோறு போட்டு வைக்கிறேன். இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் போனை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். தோட்டத்தில் ஒருமணி சங்கு ஊதினதும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்கு வாறேன் டீச்சரம்மா" என்று ஏறிப் போகிறார். முந்தாநாள் அந்த நேரத்தில் போன் அடித்தது. பாக்கியம் எழுந்தே விட்டார். நான் பதறிப்போய் எடுத்தேன். நீதான். ஒரு வார்த்தை பேசாமல் சிவப்பை அமத்தினேன். பாக்கியம் திரும்ப உட்கார்ந்து, பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அன்று சாப்பிடவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ அழைப்பு எடுக்காமல் இருக்காதே, எனக்கும் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள். காலையில் எடு, சாயந்தரம் எடு, வளைவுக்கு வரும்போதெல்லாம் எடு. பகல் பன்னிரண்டரையிலிருந்து ஒருமணி வரைக்கும் மட்டும் எடுக்காதே. அந்த அரைமணி நேரம் இந்தப் போன் பாக்கியத்துடையது.

அம்மா